சோதனை இன்ஜினுக்கு உலர்ந்த காற்று: பழைய வாட்டர் கூலரில் ஒரு ஐஸ் பேங்க்

மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நவம்பர் நாளில் ஒரே எரிபொருளைக் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை ஓட்டினோம். நாக், அதாவது சிலிண்டரில் கலவை தானாகப் பற்றி வெடித்துத் தட்டுவது, தொடங்கிய அமுக்க விகிதம் (சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு) இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றது. மே மாதத்தில் ஐஸ் பார் வாங்கிப் போட்டு எடுத்திருந்த அளவோடும் ஒத்துப்போனது. இதற்காகத்தான் இத்தனை மாதம் பாடுபட்டோம் என்பதால், செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இன்ஜின் லேப் வைத்திருக்கும் வேறு யாருக்காவது கேஸ் செலவும் நேரமும் மிச்சமாகும்.

காட்பாடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் இன்ஜின் லேபில் இருக்கிறேன். எங்களிடம் இருப்பது நம் ஊர்க் கல்லூரிகளில் பரவலாகக் காணும் ஒற்றை சிலிண்டர் சோதனை மேடைதான். 87.5 மி.மீ போர், 110 மி.மீ ஸ்ட்ரோக், 661 சி.சி, 1500 ஆர்.பி.எம். ஓடும்போதே அமுக்க விகிதத்தை மாற்றலாம். பெட்ரோல் ஹெட் போட்டு எத்தனால் கலவைகளை ஓட்டி, எந்த விகிதத்தில் நாக் அடிக்கிறது என்று பார்ப்பது மாணவர்களின் வழக்கமான புராஜெக்ட்.

ஒரு மாணவர் பத்து சதவீத எத்தனால் கலவையைக் கத்திரி வெயிலில் ஓட்டினார். இருபது சதவீதக் கலவை ஓட்ட நவம்பர் ஆகிவிட்டது. இருபதுக்கு நாக் நன்றாகத் தள்ளிப்போயிருந்தது. எத்தனால் கூடினால் அப்படித்தான் ஆக வேண்டும், எல்லாருக்கும் திருப்தி. ஆனால் அந்த இரண்டு ஓட்டத்திலும் அளவுகோலாக டொலுவீன் 74 பங்கு, என்-ஹெப்டேன் 26 பங்கு கலந்த கலவையையும் ஓட்டியிருந்தோம். ரிசர்ச் ஆக்டேன் (எரிபொருள் நாக்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்) 93.4 என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கலவை அது. அதுவும் நவம்பரில் அமுக்க விகிதத்தில் 0.3 தள்ளிப்போயிருந்தது. அந்தக் கலவை மாறவில்லை, மாறியது காற்று. மாணவர் கண்டுபிடித்த வித்தியாசத்தில் ஒரு நல்ல பங்கு வானிலையுடையது. ஒரு பையன் ஒரு வருடம் உழைத்து எடுத்த முடிவு இப்படி ஆவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

மே மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், கேட்கக் காய்ந்த காற்றுபோல இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு கிலோ உலர்காற்றுக்கு 14 கிராம் நீராவி. நவம்பர் மழையில் 27 டிகிரி, 88 சதவீதம் என்றால் 20 கிராமுக்கு மேல். அந்த 20 கிராம், காற்றின் கன அளவில் மூன்று சதவீதத்துக்கும் சற்று அதிகமான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது, தீ பரவும் வேகமும் குறைகிறது, கடைசியில் எரிய வேண்டிய கலவையின் சூடும் குறைகிறது. அதனால் நாக் பின்வாங்குகிறது. உள்ளே போகும் காற்றே குளிர்ந்திருப்பதும் அதே பக்கம்தான் தள்ளும். மழை நாளில் எந்த எரிபொருளும் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

ஆக்டேன் எண் அளக்கவென்றே 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் உருவான சி.எஃப்.ஆர் இன்ஜினுக்கு இது முதலிலிருந்தே தெரிந்த பிரச்சினை. 612 சி.சி ஒற்றை சிலிண்டர். ஆக்டேன் அளக்க இரண்டு முறை: ரிசர்ச் முறையில் 600 ஆர்.பி.எம், மோட்டார் முறையில் 900. இரண்டிலும் உள்ளே போகும் காற்றில் ஒரு கிலோவுக்கு 3.56 முதல் 7.12 கிராம் வரைதான் நீர் இருக்கலாம். அதற்குப் பழைய ஆட்கள் வைத்த கருவி ஐஸ் டவர். ஒரு கோபுரம் நிறைய ஐஸ், அதன் வழியாகக் காற்று. ஏன் ஐஸ் என்று நம் ஊர் காற்றழுத்தத்துக்குக் கணக்குப் போட்டதும் புரிந்தது. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் சுமார் 985 மில்லிபார். 0 டிகிரியில் நிறைவுற்ற காற்றில் 3.9 கிராம் நீர், 8.5 டிகிரியில் 7.1 கிராம். ஐஸைத் தொட்டு வரும் காற்று இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வர முடியும். ஈரப்பதத்தை அளந்து அளந்து கட்டுப்படுத்த வேண்டியதே இல்லை. காற்று கடைசியாகத் தொடும் பரப்பு எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொண்டால் போதும். இந்த ஒரு விஷயத்தை நாங்கள் முதலிலேயே கெட்டியாகப் பிடித்திருந்தால் வேலை பாதியாகியிருக்கும்.

எங்கள் இன்ஜின் த்ராட்டில் முழுக்கத் திறந்து ஓடும்போது மணிக்கு சுமார் 27, 28 கிலோ காற்று இழுக்கும். 20 கிராமிலிருந்து 5.6 கிராமுக்கு இறக்கினால் மணிக்கு 400 மில்லி தண்ணீர் வெளியே வர வேண்டும். காற்றைக் குளிர்விப்பதும் அந்த ஆவியைத் தண்ணீராக்குவதும் சேர்த்து அரை கிலோவாட் குளிர்ச்சி போதும். ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட். அதில் ஏழில் ஒரு பங்குதான்.

முதலில் போட்டது சிலிக்கா ஜெல். நீல நிறக் குருணை 5 கிலோ, ஆறு அங்குல பிவிசி குழாயில் நிரப்பி, இரண்டு பக்கமும் கம்பிவலை. காற்று நன்றாகவே உலர்ந்தது, ஆனால் எவ்வளவு உலர்கிறது என்பது நம் கையில் இல்லை. தொடக்கத்தில் ஒரு கிராமுக்கும் கீழே, போகப்போக ஏறிக்கொண்டே வரும். ஒன்றரை மணி நேரத்துக்குள் நீலம் இளஞ்சிவப்பாகிவிடும். பிறகு ஓவனில் 120 டிகிரியில் வறுத்தெடுக்க ஒரு இரவு. இதைவிடப் பெரிய தொல்லை சூடு. ஜெல் நீராவியைப் பிடிக்கும்போது வெப்பத்தை வெளிவிடும். 30-ல் நுழைந்த காற்று 55-ஐத் தாண்டி வெளியே வந்தது. நாக் சோதனைக்கு அந்தச் சூடு ஈரத்தைவிட மோசம். ஜெல்லை வீணாக்கவில்லை, இப்போது கருவி அலமாரியில் கிண்ணங்களில் இருக்கிறது.

அடுத்தது ஐஸ் டவரேதான். 200 மி.மீ பிவிசி குழாய் நான்கடி, அடியில் ஓட்டை போட்ட எவர்சில்வர் தட்டு, கீழே தண்ணீர் வடிய குழாய், வெளியே தெர்மாகோல் சுற்று. மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடும் ஃபேக்டரியிலிருந்தே பார் வாங்கி, சாக்கில் சுற்றி, சுத்தியலால் எலுமிச்சை அளவுக்கு உடைத்துக் கொட்டினோம். தூளாக உடைத்தால் காற்று போகாது, பெரிதாக விட்டால் இடுக்கில் நழுவிப் போய்விடும். காற்றை மேலிருந்து கீழே விடாமல் கீழிருந்து மேலே விட வேண்டும். அப்போதுதான் வெளியேறும் காற்று கடைசியாகப் புது ஐஸைத் தொடும், உருகிய தண்ணீரும் எதிர்த் திசையில் வடியும்.

முடிவு அருமை. வெளியே வரும் காற்று 3, 4 டிகிரியில் அசையாமல் நின்றது. மே மாத அளவுகள் எல்லாம் இதில் எடுத்தவை. கணக்குப்படி மணிக்கு ஐந்தரை கிலோ ஐஸ். வெயிலில் நடந்ததென்னவோ ஏழு, எட்டு கிலோ. முக்கால் மணிக்கொருமுறை மூடியைத் திறந்து நிரப்பியே ஆக வேண்டும். திறந்தால் அறைக்காற்று உள்ளே போகும், இன்ஜின் மறுபடி நிலைக்கு வரக் கால் மணி நேரம் ஆகும். ஐஸ் உருகி நடுவில் குகை விழுந்தால் காற்று அந்த வழியே ஓடிவிடும். ஒரு நாள், இரண்டு நாள் சோதனைக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. மொத்தச் செலவு இரண்டாயிரத்துக்குள். வருடம் முழுக்க ஓட்ட முடியாது, அவ்வளவுதான்.

பிறகு கம்பரசர். கல்லூரியின் கழிவுப் பொருள் அறையில் பழைய வாட்டர் கூலர் ஒன்று கிடந்தது. 80 லிட்டர் எவர்சில்வர் தொட்டி, மணிக்கு 40 லிட்டர் குளிர்விக்கும் ரகம், ஆர்-134ஏ கேஸ். கம்பரசர் நல்ல நிலையில் இருந்தது, கேஸ் மட்டும் கசிந்து போயிருந்தது. பழைய இரும்புக் கடையில் ஜன்னல் ஏசி ஒன்றின் உட்புறக் காயில், ஃபின் (குழாய்களின் மேல் நெருக்கமாக இருக்கும் மெல்லிய தகடுகள்) அதிகம் மடங்காமல், 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது. அந்தக் காயிலையே கம்பரசரோடு நேராக இணைத்து, கேபிலரி (கேஸின் அழுத்தத்தை இறக்கும் மெல்லிய குழாய்) மாற்றி, கேஸ் ஏற்றி ஓடவிட்டோம். முதல் பத்து நிமிடம் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அப்புறம் ஃபின் நடுவே வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தது. காற்றுப் பாதையில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று காட்டும் மேனோமீட்டர் 12 மி.மீ தண்ணீரிலிருந்து மெல்ல ஏறி, முக்கால் மணி நேரத்தில் 45-ஐத் தொட்டது. இன்ஜின் மூச்சு முட்டியது, காயில் முழுக்க ஐஸ்.

கேஸ் ஏற்றிய ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை எங்கள் லேபில் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சத்துவாச்சாரியில் கடை. வந்து பார்த்தவர், “சார், ஏசி ரூம் காத்தையே சுத்திச் சுத்தி இழுக்கும். நீங்க மழக்காத்த அப்டியே புதுசா இழுக்குறீங்க. அவ்ளோ தண்ணி வந்தா ஐஸ் புடிக்காம இன்னா பண்ணும்?” என்றார்.

“தெர்மோஸ்டாட் வெச்சு நிறுத்தி நிறுத்தி ஓட்டலாமா பாய்?”

“ஓட்டலாம். நிறுத்துற நேரத்துல ஈரமா போவும், ஓடுற நேரத்துல காஞ்சி போவும். பரவால்லியா?”

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சோதனைக்கு வேண்டியதே ஏற்ற இறக்கம் இல்லாத காற்று. அவர் சொன்னதுதான் வழி திறந்தது. முன்பு பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்த்தவர் அவர். அங்கே பால் வருவது காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம். கம்பரசரோ இரவெல்லாம் ஓடித் தொட்டிச் சுவரில் ஐஸ் கட்டி வைக்கும். பால் வரும் நேரத்தில் அந்த ஐஸைத் தொட்ட குளிர்நீரை பம்ப் செய்து பாலைக் குளிர்விப்பார்கள். அதற்குப் பெயர் ஐஸ் பேங்க். “கூலர் தொட்டியிலயே கட்டலாம் சார். காயில்ல கேஸ் வேணாம், தண்ணி சுத்தட்டும்.”

சரியான யோசனை. கம்பரசர் எவ்வளவு குளிர்வித்தாலும் ஐஸ் தடிக்குமே தவிர, ஐஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் 0-க்குக் கீழே போகாது. காயிலில் ஓடுவது அந்தத் தண்ணீர் என்பதால் அங்கே பனி பிடிக்க வழியில்லை. ஐஸ் டவரின் நற்குணம் அப்படியே கிடைக்கிறது, சுத்தியலும் சாக்கும் வேண்டாம்.

கூலரைப் பழைய கேபிலரிக்கே திருப்பி, கேஸை எடை பார்த்து ஏற்றினார். தொட்டியின் வெளிப்புறத்தில் சுற்றியிருக்கும் செம்புக் குழாயால் உள்சுவரில்தான் ஐஸ் கட்டும். எவ்வளவு தடிமன் என்று கட்டுப்படுத்தாவிட்டால் தொட்டி முழுக்க உறைந்து பம்பையும் சேர்த்து உடைத்துவிடும். அதற்கு ஒரு எளிய வழி: தெர்மோஸ்டாட்டின் பல்பைச் சுவரிலிருந்து சரியாக 30 மி.மீ தள்ளி, ஒரு எவர்சில்வர் பட்டையில் கட்டினோம். ஐஸ் வளர்ந்து பல்பை மூடியதும் அங்கே வெப்பநிலை 0-க்குக் கீழே இறங்கும். மைனஸ் 1-ல் கம்பரசர் நிற்கும்படியும், பிளஸ் 1.5-ல் மறுபடி ஓடும்படியும் வைத்தோம். 30 மி.மீ தடிமனில் சுமார் 13 கிலோ ஐஸ். முந்தின நாள் சாயங்காலம் போட்டுவிட்டுப் போனால் காலையில் தயார். பகலில் கம்பரசரும் கூடவே ஓடுவதால் ஒரு நாள் சோதனைக்கு ஐஸ் தீர்வதே இல்லை. தொட்டியில் எங்கள் போர் தண்ணீரை ஊற்றவில்லை, ஆர்.ஓ தண்ணீர்தான். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் பம்பும் பற்றவைத்த இடங்களும் எத்தனை நாள் தாங்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் சுற்ற 40 வாட் ஏர்கூலர் பம்ப். காயிலின் குழாய்களை ஒரே வரிசையாக விட்டால் அந்தச் சின்ன பம்ப் தள்ளாது. இரண்டு சுற்றாகப் பிரித்து இணைத்தோம். நிமிடத்துக்கு நாலு லிட்டர் போகிறது.

முதல் ஓட்டத்தில் ஒரு புதிர். தொட்டிச் சுவரில் கெட்டியாக ஐஸ் நிற்கிறது, காயிலுக்குப் போகும் தண்ணீரோ 4 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. வெளியேறும் காற்று 8 டிகிரி, வரம்பின் விளிம்பு. பம்பைத் தொட்டியின் அடியில் வைத்திருந்தோம். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி, அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். 1 டிகிரித் தண்ணீர் மேலே மிதக்கும். பள்ளிக்கூடத்தில் குளத்து மீன் குளிர்காலத்தில் எப்படிப் பிழைக்கிறது என்று படித்த அதே பாடம். காயிலிலிருந்து திரும்பி வரும் குழாயின் முனையை நசுக்கி, ஐஸ் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பீய்ச்சும்படி திருப்பினோம். தொட்டித் தண்ணீர் முழுக்கச் சுழல ஆரம்பித்தது. காயிலுக்குப் போகும் தண்ணீர் 1.2 டிகிரி, வெளியேறும் காற்று 5.2 டிகிரி. அதாவது கிலோவுக்கு 5.6 கிராம், வரம்பின் நட்ட நடுவில்.

காயிலை வைக்கும் பெட்டியை லாங்கு பஜார் பக்கம் தகர வேலை செய்பவரிடம் 24 கேஜ் ஜிஐ தகட்டில் செய்தோம். அடித்தளம் ஒரு மூலையை நோக்கிச் சரிவு, அந்த மூலையில் 15 மி.மீ வடிகால் டியூப், டியூப் நேராக ஒரு பாட்டிலுக்கு. இங்கேதான் அதிக நேரம் போனது. காயிலை விட்டு வரும் காற்று 5.2 டிகிரி, அப்படியானால் 5.6 கிராம் இருக்க வேண்டும். இன்ஜின் பக்கத்து ஈரப்பத சென்சாரோ 9 கிராம் காட்டுகிறது. சென்சார் பொய் சொல்கிறது என்று நினைத்து அதை மாற்றினோம், அதேதான். கடைசியில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டியின் ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டு வந்தோம். மூடியில் ஒன்றுமில்லை, ஃபிளாஞ்சில் ஒன்றுமில்லை. வடிகால் டியூப்பின் வாயில் காட்டியதும் புகை கோடாக உள்ளே ஓடியது.

ஃபில்டரும் நுழைவுக் குழாயும் சேர்ந்து பெட்டிக்குள் 12 மி.மீ தண்ணீர் அளவுக்கு வெற்றிடம் இருக்கிறது. அவ்வளவு போதும், அந்த விரல் தடிமன் டியூப் வழியாக அறையின் ஈரக்காற்று இன்ஜினுக்குப் போகும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புகுந்துகொண்டிருந்தது. உலர்த்தியதை நாமே மறுபடி நனைத்துக்கொண்டிருந்தோம். டியூப்பை வாஷ்பேசின் அடியில் இருப்பதுபோல யூ வடிவில் வளைத்து, 100 மி.மீ ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி செய்தோம். சராசரி 12 என்றாலும் ஒற்றை சிலிண்டர் இழுக்கும் துடிப்பில் அது 30 வரை குதிக்கும், அதனால் ஆழம் தாராளமாக இருக்கட்டும். லேப் சில நாள் மூடியிருந்தால் அந்தத் தண்ணீர் காய்ந்துபோகும். ஓட்டுவதற்கு முன் ஒரு டம்ளர் ஊற்றுவது இப்போது சரிபார்ப்புச் சீட்டின் முதல் வரி.

இதைச் செய்ததும் வடிந்த தண்ணீரை அளவுக் குடுவையில் பிடித்துக் கணக்கைச் சரிபார்த்தோம். அறை 27 டிகிரி, 88 சதவீதம். ஒரு மணி நேரத்தில் வர வேண்டியது 400 மில்லி, வந்தது 385. ஃபின்னில் ஒட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்தால் இதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. எந்த சென்சாரையும்விட நான் இந்தக் குடுவையைத்தான் நம்புகிறேன்.

சென்சார் வைக்கும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுடையது எஸ்எச்டி-31 வகை, பிழை இரண்டு சதவீதப் புள்ளி. சமையல் உப்பைத் தண்ணீர் விட்டுச் சேறுபோலக் குழைத்து, மூடிய பாட்டிலில் சென்சாரோடு ஒரு இரவு வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். மெக்னீசியம் குளோரைடு சேற்றில் 33. இரண்டிலும் நன்றாகவே காட்டியது. ஆனால் இன்ஜினுக்குப் போகும் காற்றைச் சூடாக்கிய பிறகு 38 டிகிரியில் அளந்தால் ஈரப்பதம் 13 சதவீதம்தான். அதில் இரண்டு புள்ளிப் பிழை என்பது நீரின் அளவில் ஏழில் ஒரு பங்கு பிழை. காயிலை ஒட்டி வைத்தாலோ காற்று நிறைவுற்றிருக்கும், சென்சார் நனைந்து 100-லேயே நிற்கும். அதனால் காயில் வாயில் ஒரு பிடி-100 வெப்பநிலை சென்சார் வைத்து, அது காட்டும் வெப்பநிலையையே பனிநிலையாக (காற்றிலுள்ள நீராவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) எடுத்துக்கொள்கிறோம். ஈரப்பத சென்சார் கசிவைப் பிடிக்கும் காவல்காரன் மட்டும்.

5 டிகிரிக் காற்றை அப்படியே இன்ஜினுக்குக் கொடுக்க முடியாது. மோட்டார் முறையில் உள்ளே போகும் காற்று 38 டிகிரி. ரிசர்ச் முறையில் கடல் மட்ட அழுத்தத்தில் 52, காற்றழுத்தம் குறையக் குறைய அதுவும் குறையும். நாங்கள் எல்லாச் சோதனைக்கும் 38 என்று வைத்துக்கொண்டோம். எங்கள் இன்ஜின் சி.எஃப்.ஆர் கிடையாது, வருவது ஆக்டேன் எண்ணும் கிடையாது. ஒரே மேடையில் ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும். 250 வாட் தேவை, 500 வாட் ஃபின் ஹீட்டர் போட்டு, வெப்பநிலையைச் சீராக நிறுத்தும் பிஐடி கன்ட்ரோலரில் ஓட்டுகிறோம்.

பெட்ரோல் இன்ஜினின் காற்றுப் பாதையில் ஹீட்டர் வைப்பது விளையாட்டல்ல. பின்வெடிப்பு வந்தால் தீ இந்தப் பக்கம் வரும். இன்ஜின் நின்றபின் பெட்ரோல் ஆவியும் பின்னோக்கி ஊரும். ஆகவே ஹீட்டர் ஏர் பாக்ஸுக்கு (இன்ஜின் இழுக்கும் துடிப்பைத் தணிக்கும் காற்றுப் பெட்டி) முன்னால், கார்புரேட்டரிலிருந்து நன்றாகத் தள்ளி. நடுவில் நெருக்கமான பித்தளை வலை இரண்டு அடுக்கு, ஏர் பாக்ஸில் ரப்பர் தகடு போட்ட வெடிப்பு வாய். காற்று ஓடுவதை உணரும் பிரஷர் ஸ்விட்ச் மூடினால்தான் ஹீட்டருக்குக் கரண்ட் போகும், அதற்கு மேலே 90 டிகிரியில் தானே அறுக்கும் கட்-அவுட். இந்த நான்கும் இல்லாமல் யாரும் இதைச் செய்யாதீர்கள். இன்னொன்று: காற்றின் அளவைக் கணக்கிட ஏர் பாக்ஸில் இருக்கும் ஆரிஃபிஸ் என்ற துளையில் இப்போது போவது அறைக்காற்று இல்லை, 38 டிகிரி உலர்ந்த காற்று. மென்பொருளில் காற்றின் அடர்த்தியை மாற்றாவிட்டால் எரிபொருள்–காற்று விகிதம் தப்பாக வரும்.

செலவு: கேஸ், பிரேசிங், கூலி 3,800. காயில் 1,500. தகரப் பெட்டி 2,200. பம்ப் 650. ஹீட்டர், பிஐடி, அதற்கான எஸ்எஸ்ஆர் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) 3,400. கருப்பு நைட்ரைல் ஃபோம் 1,100. சென்சார்கள் 1,300. குழாய், கிளாம்ப், வலை, ஸ்விட்ச், ஆர்.ஓ தண்ணீர் என்று 1,600. ஆக 15,550 ரூபாய். பனி பிடித்த முதல் முயற்சிக்கு ஏற்றிய கேஸும் 3,800-க்குள் அடக்கம். பாய் அதற்குக் கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கூலர் கல்லூரியுடையது, வெளியே பழையதாக வாங்கினால் அதற்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி கட்டினால் ஃபோமில் காசு மிச்சம் பிடிக்க மாட்டேன். 9 மி.மீ சுற்றியிருக்கிறோம், மழை நாளில் குழாய் வியர்த்துத் தரையில் குட்டை கட்டுகிறது, 19 மி.மீ வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அக்ரிலிக் ஜன்னல் வைப்பேன், காயிலைத் திறக்காமலே பார்க்கலாம். ஃபில்டரையும் பெரிதாகப் போடுவேன், வெற்றிடம் 12-லிருந்து பாதியாகும்.

டொலுவீன் கலவையின் நாக் எல்லை இப்போது மே, ஆகஸ்ட், நவம்பர் என எந்த மாதமும் 0.1-க்குள் நிற்கிறது. பத்து, இருபது சதவீத எத்தனால் கலவைகளை அந்த மாணவரின் குறிப்பேட்டில் இருந்த அதே வரிசையில் திரும்ப ஓட்டிவிட்டோம். இருபது இன்னமும் மேலேதான். வித்தியாசம் மட்டும் முன்பு பார்த்ததில் ஏறக்குறையப் பாதி. படிப்பை முடித்துப் போய்விட்ட அவருக்குப் புதிய அட்டவணையை அனுப்பியிருக்கிறோம்.

பக்கத்து டீசல் மேடைக்காரர்கள் இப்போது தங்களுக்கும் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நைட்ரஜன் ஆக்சைடு அளவு. அதற்கு ஐஎஸ்ஓ 8178 என்ற இன்ஜின் புகை அளவீட்டுத் தரம் அடிப்படையாக வைத்திருக்கும் ஈரம் கிலோவுக்கு 10.71 கிராம், நம் ஊர் அழுத்தத்தில் பனிநிலை 14.7 டிகிரி. 1 டிகிரித் தண்ணீரை நேராக விட்டால் அளவுக்கு மீறி உலர்ந்துவிடும். காயிலிலிருந்து திரும்பும் தண்ணீரில் ஒரு பங்கைத் தொட்டிக்கு விடாமல் மறுபடி காயிலுக்கே கலந்துவிட ஒரு மூவழி வால்வு வாங்கி வைத்திருக்கிறோம். பம்பை அதற்கேற்ற இடத்துக்கு மாற்றும் வேலை பாக்கி.